நிராகரித்தவனே போன் போட வேண்டும்

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஏதோ வாழ்த்துச் செய்தியாக்கும் என்று ஆசையாகத் திறந்தால், கேள்வி. 'அங்கிள், ஒருவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தை நிராகரித்தால், நிராகரித்தவரே அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நம் தளத்தில் ஒரு விதி இருக்கிறது. இது எதற்கு? இப்போது மெஷினே அழகாகப் பதில் எழுதிவிடுகிறது. எடுத்துவிடலாமா?'

எடுத்துவிடலாமாவாம்! இரண்டு வரியில் பதில் போட்டால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளைகள் மேல் தப்பில்லை, அந்த விதிக்குக் காரணம் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதியிருக்க வேண்டியவன் நான். எழுதினால் என் மானம் போகும் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. இனிமேல் போவதற்கு என்ன இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளை. அப்பா ரயில்வேயில் சிக்னல் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, மற்ற நாளெல்லாம் பந்து. கம்ப்யூட்டர் படித்தேன், ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டினேன். அங்கே மனிதர்கள் எல்லாம் எனக்கு எண்களாகத்தான் வந்தார்கள். அது போரடித்துப் போய்த்தான் கமலம் மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

மேடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மாடியில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தினார். ஆறு பேர்தான். அடுக்குமாடிக் குடியிருப்போர், பழைய மாணவர்கள், சிறுநீரக நோயாளிகளின் குடும்பங்கள் என்று பலவிதமான கூட்டத்துக்கு இணையத்தில் ஒரு இடம் அமைத்துக் கொடுப்பதுதான் தொழில். கூடிப் பேச, அறிவிப்புப் போட, ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ள. கேட்டால் சுலபமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் தெரியும் வண்டவாளம்.

மேடம் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. கிள்ளானில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருடம் லைன் இணைத்துக் கொடுத்தவர். குரல் ஒருபோதும் உயராது. கோபம் வந்தால் இன்னும் தணிந்துவிடும், நாம் பக்கத்தில் போய்க் காதைக் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் 'யூசர்' என்று யாரும் சொல்லக் கூடாது. "பேரு இல்லையா அவங்களுக்கு?" என்பார். நான் சேர்ந்த முதல் வாரமே ஐந்து தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவருடைய முறை இதுதான். எந்தப் பக்கத்தை வடிவமைத்தாலும், முதலில் காகிதத்தில் வரைய வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அதைப் பயன்படுத்தப் போகிறவர் வீட்டுக்கே போக வேண்டும். அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டில்லை, உண்மையாகவே கை மேல் உட்கார வேண்டும். "கை வெளிய இருந்துச்சுன்னா நீ சுட்டிக் காட்டிருவ. வாய் தொறந்தா நீ சொல்லிக் குடுத்துருவ. அப்பறம் அது உன் புத்திதானே, அவங்க புத்தி இல்லையே" என்பார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால் கை மரத்துப் போயிருக்கும். நெஞ்சும் கொஞ்சம் நொந்துதான் இருக்கும், நாம் கெட்டிக்காரத்தனமாகச் செய்த பத்தில் எட்டை அவர்கள் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒரு தளம் செய்தோம். மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அறிவிப்புப் போட்டார்கள். அவ்வளவுதான், பாதிப் பேர் அந்த அறிவிப்பின் கீழே கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். படித்துவிட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு அதுதான் வழி. இறந்தவருடைய மகன் கொதித்துப் போய் லிப்டில் வைத்து ஒருத்தரைப் பிடித்துக் கத்திவிட்டார். "எங்கப்பா செத்தது உங்களுக்கு அவ்ளோ சந்தோஷமாய்யா?"

பொத்தானை எடுத்துவிடுவோம் என்றேன் நான். மேடம் சம்மதிக்கவில்லை. அங்கே போய் ஒரு மத்தியானம் கை மேல் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் சாவு அறிவிப்புக்கு மட்டும் அந்த விரலை எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தான் வைக்கச் சொன்னார். 'வந்துடறேன்'. அவ்வளவுதான். அழுத்துகிறவர்களுக்கும் நிம்மதி, எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று அந்த வீட்டுக்கும் தெரிந்துவிடும். வங்கியில் இத்தனை வருடம் வேலை பார்த்த எனக்கு அது தோன்றவில்லையே!

அப்படிப்பட்டவரிடம்தான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

மலாய் நாட்டின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்காக ஒரு தளம் அமைக்கும் வேலை வந்தது. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு சனங்கள் சுங்கை பூலோ, கிள்ளான், பூச்சோங் என்று சிதறிப் போய்விட்டார்கள். ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துத் தளம் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். உள்ளே வருகிறவர் தன் தோட்டத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும், அங்கே இருந்த இரண்டு பேரை எழுத வேண்டும். அந்தத் தோட்டத்து உறுப்பினர் ஒருவர் 'இவரைத் தெரியும்' என்று சொன்னால் கதவு திறக்கும். மருந்து விற்கிறவனும் பணம் இரட்டிப்பாக்குகிறவனும் புகுந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

பட்டியலைத் தயாரித்தவன் நான். பழைய பதிவேடுகள், கம்பெனி வரைபடங்கள் எல்லாவற்றையும் அலசி, அகர வரிசையில் அழகாக அடுக்கினேன். ஒரு தோட்டத்துப் பெயரும் விடுபடவில்லை என்று மார் தட்டிக்கொண்டேன். கடைசியில் 'மற்றவை' என்று ஒன்று, சும்மா பேருக்கு. அதைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் தோட்டத்தின் பெயரை எழுத ஒரு சின்னக் கட்டம்.

மேடம் ஒரே ஒரு விதி போட்டார். யாரையாவது நிராகரித்தால், பட்டியல் செய்தவனே அவருக்குப் போன் போட்டு ஏன் என்று சொல்ல வேண்டும், போட்ட போனை ஒரு நோட்டில் கைப்பட எழுதி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் போட்டேன். பாதிப் பேர் மருந்து விற்கிறவர்கள், எனக்கே விற்கப் பார்த்தார்கள். எனக்கு வெறுத்துப் போயிற்று. ஒரு நாள் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். உறுதி சொல்ல ஆள் இல்லாத விண்ணப்பம் தானாக நிராகரிக்கப்படும், 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை' என்று மரியாதையாக ஒரு கடிதம் தானாகப் போய்விடும். நோட்டை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். மேடத்திடம் மூச்சு விடவில்லை.

மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் காலை ஏதோ ஸ்டேப்ளர் தேடி என் இழுப்பறையைத் திறந்த மேடம் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன அந்தோணி, மூணு மாசமா ஒருத்தரையும் ரிஜெக்ட் பண்ணலையா? எல்லாரும் நல்லவங்களா ஆயிட்டாங்களா?"

குரல் தணிந்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். போனை என் முன்னால் நகர்த்தினார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய அவமானம் வேறில்லை. அவ்வளவு பெரிய மனுஷி, என் பக்கத்தில், கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு!

முதலில் போட்ட எண்ணில் ஒரு மருந்துக்காரன். இரண்டாவது எண், பவானி என்று ஒரு பெண். மூன்று தடவை விண்ணப்பித்து மூன்று தடவையும் நிராகரிக்கப்பட்டவர். பின்னால் ஒரே இரைச்சல், தொழிற்சாலை கேன்டீன். நான் யார், எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னதும் பதறிவிட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம், வச்சிராதீங்க! வெளிய வந்துடறேன், வச்சிராதீங்க அண்ணே!"

ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு கதவு சாத்துகிற சத்தம். "ஆங், சொல்லுங்க அண்ணே."

"எந்தத் தோட்டம் தங்கச்சி நீங்க?"

"தகரக்கோயில் தோட்டம்."

"அப்படி ஒரு தோட்டமே லிஸ்ட்ல இல்லையே."

"லிஸ்ட்ல இல்லாம இருக்கலாம் அண்ணே. ஆனா நான் அங்கதானே பொறந்தேன்."

"இல்லம்மா, கம்பெனி வச்ச பேரு என்ன?"

"அது எங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்? போர்டுல இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கும். தோட்டத்த வித்து வித்து அதையும் மூணு தடவ மாத்துனானுங்க. நாங்க தகரக்கோயில்னுதான் சொல்லுவோம். கேரி தீவுக்குப் போற வழியில, தகரம் போட்ட மாரியம்மன் கோயில் இருக்கும் பாருங்க, அது."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நாட்டில் தோட்டத்துச் சனங்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாங்களே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கோயிலை வைத்து, மைல்கல்லை வைத்து, குண்டாக இருந்த ஒரு துரையை வைத்து. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை, தமிழன்தானே, நமக்குத் தெரியாதா என்ற திமிர். பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் போட்டேன், சனங்களைப் பார்த்துப் போடவில்லை.

பவானி தன் கதையைச் சொன்னார். நாற்பது வயது. இந்த மண்ணில் பிறந்தவர், ஆனால் கையில் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. பிறந்ததை யாரும் பதியவில்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டிருக்கிறார், மூன்று வாரத்தில் நேர்முகம். அவர் இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று சத்தியம் செய்ய, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். சித்தி இருக்கிறார், ஆனால் சொந்தம். தோட்டத்து ஆட்கள் யார் எங்கே என்று தெரியாது.

"உங்க தளத்துல பழைய ஆளுங்க எல்லாம் இருக்காங்கன்னு சொன்னாங்க அண்ணே. அதான் திரும்பத் திரும்பப் போட்டேன். இந்தத் தடவையும் ஆள் இல்லாம போனா மறுபடி முதல்லேர்ந்துதான். எனக்கு இனிமே தெம்பு இல்ல அண்ணே."

போனை வைத்ததும் மேடம் கைகளை வெளியே எடுத்தார். "ரிஜெக்ட் பண்ண எல்லாத்தையும் பிரிண்ட் எடு" என்றார்.

எடுத்தேன். மேசை போதவில்லை, தரையில் பரப்பினோம். ஆபீஸே செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தது. 'மற்றவை' என்பதற்குப் பக்கத்தில் ஒவ்வொருவரும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து அடுக்கச் சொன்னார் மேடம். குண்டு துரை தோட்டம் என்று ஒரு குவியல். ஏழாவது மைல்கல்லை வைத்து ஏழாங்கட்டை என்று ஒரு குவியல். ஒரே தோட்டத்து ஆட்கள், ஒருவரை ஒருவர் தேடி வந்தவர்கள், பட்டியலில் இல்லாத தோட்டம், உறுதி சொல்ல உறுப்பினர் இல்லை என்று எல்லோரையும் தனித்தனியாக வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். தகரக்கோயில் என்று எழுதியவர்கள் ஏழு பேர்.

அதில் ஒருவர் பெருமாள். சுங்கை பூலோவில் மகள் வீட்டில் இருக்கிறார். தோட்டத்தில் லோரி ஓட்டியவர். பவானிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே விண்ணப்பித்திருந்தார். 'உங்களுக்குத் தெரிந்த இரண்டு பேர்' என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'கிராணி வீட்டு ராஜு. அப்புறம் மாரியம்மா, என் லோரியில் பிள்ளை பெத்தவள்.'

பவானியின் தாளை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் முதல் பெயர், 'என் அம்மா மாரியம்மா'.

ஆளோடு ஆளைச் சேர்த்து வைக்கத்தான் அந்தத் தளத்தையே கட்டினேன். பெயர்களைப் பொருத்திப் பார்க்க எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருந்தேன் தெரியுமா! நிராகரிக்கப்பட்ட தாள்களை மட்டும் அது பார்க்காது. பார்க்க வேண்டாம் என்று சொன்னவனும் நான்தான். அந்த இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்தே அழுதுவிட்டேன், வெட்கத்தைப் பார்க்கவில்லை.

சுங்கை பூலோவுக்குப் போன் போட்டேன். மகள் எடுத்தார்.

"அப்பா அதெல்லாம் விட்டுட்டாரு அங்கிள். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா தட்டுவாரு, பாவம். கடைசியா அந்த லெட்டர் வந்துச்சு பாருங்க, 'இங்கயும் நம்மள வேணாங்கறானுங்க'ன்னு சொல்லிட்டு போன தூர வச்சிட்டாரு. இப்ப அந்தப் பேச்செடுத்தாலே மூஞ்சத் திருப்பிக்கறாரு லா."

மன்னிப்புக் கேட்டேன், அவரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்கச் சொன்னேன். மாரியம்மாவின் மகள் தேடுகிறார் என்று. மகள் உள்ளே போய்ச் சொன்னார். பிறகு ஒரு கரகரத்த குரல் போனுக்குள் கத்தியது.

"யாரு? மாரியம்மா மவளா? அந்தப் புள்ள எங்க இருக்கு? எங்க இருக்குன்னு சொல்லுய்யா மொதல்ல!"

நேர்முகத்தன்று மேடமே தன் காரை ஓட்டிக்கொண்டு சுங்கை பூலோவுக்கு வந்தார். பெருமாள் அண்ணனுக்கு முழங்கால் மடங்காது, முன் சீட்டைப் பின்னால் தள்ளி ஏற்றினோம். பவானி பதிவு அலுவலக வாசலிலேயே நின்றிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் பவானியைப் பிறந்த அன்றைக்குப் பார்த்தவர், அப்புறம் குழந்தையாகத் தெருவில் பார்த்திருப்பார், அதோடு சரி. "அப்படியே உங்கம்மா மாதிரி கண்ணு" என்றார் பெரியவர். பவானி அவர் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

உள்ளே அதிகாரி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எங்கே பிறந்தது என்று கேட்டார். பெருமாள் அண்ணன் தன் லோரிக்கார மலாயில் சொன்னார். லோரியில். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அண்ணன் நிறுத்தவில்லை. மழை, செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டுச் சாக்கை விரித்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது, கூட வந்த ஆயா தலையை மட்டும் வெளியே நீட்டி "வண்டிய நிறுத்துடா" என்று கத்தியது, தான் முன்னாலேயே திரும்பாமல் உட்கார்ந்து காளியம்மனைக் கூப்பிட்டது, பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தது, ஆயா அதற்கும் திட்டியது. அதிகாரி தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்த இடத்தில் சிரித்துவிட்டார். சத்தியப் பிரமாணத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பெரியவர் கையெழுத்துப் போட நேரமாயிற்று, யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

பதில் வர மாதங்கள் ஆயின. அதற்குள் நான் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். 'உங்கள் தோட்டத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? பக்கத்தில் என்ன இருந்தது?' என்று இரண்டு வெற்றுக் கட்டங்கள் வைத்தேன். நிராகரிப்பு என்பதையே எடுத்துவிட்டு, உறுதி கிடைக்காதவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்படி 'காத்திருப்பவர்கள்' என்று ஒரு பக்கம் திறந்தேன். மருந்துக்காரர்களை மட்டும் நாங்களே தள்ளினோம், அதையும் போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான். ஒவ்வொரு காகிதத்தையும் தோட்டத்துப் பெண்கள் நான்கு பேரிடம் எடுத்துக்கொண்டு போய்க் கை மரக்க மரக்க உட்கார்ந்திருந்தேன். மேடம் அதன்பிறகு அந்தத் தப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன ஒரு பெருந்தன்மை அந்த அம்மாவுக்கு! நானாக இருந்தால் வருடத்துக்கு நான்கு தடவையாவது சொல்லிக் காட்டியிருப்பேன்.

நீல ஐசி வந்த வாரம் பவானி ஆபீஸுக்கு வந்தார். பூக்கடையில் மல்லிகை வாங்கிக்கொண்டு, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். அட்டையை எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஆறு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு நான் மட்டும் நின்றேன். மனசு கேட்கவில்லை.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். மூணு தடவ உங்கள ரிஜெக்ட் பண்ணது வேற யாரும் இல்ல. நான்தான்."

"தெரியும் அண்ணே."

"தெரியுமா?"

"லெட்டருக்குக் கீழ உங்க பேருதானே இருந்துச்சு. மூணுலயும்."

மனிதர் எழுதியது போல இருக்கட்டும் என்று அந்த நிரலில் என் பெயரைப் போட்டு வைத்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்படியானால் அன்றைக்குப் போனில் நான் என் பெயரைச் சொன்னபோதே இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்பறம் ஏம்மா அன்னைக்கே என்னை நாலு வார்த்த கேக்கல?"

பவானி அட்டையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

"திட்டணும்னுதான் அண்ணே வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா இத்தன வருஷத்துல எனக்கு இல்லன்னு சொன்னவங்கள்ல, போன் போட்டு என்னன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். திட்டுனா நீங்களும் வச்சிருவீங்களோன்னு பயந்துட்டேன்."